90 எண் எண்ணெயை வடித்த கதை: பழைய விடெக் காரின் கியர்பாக்ஸ் பதிவு

மார்கழி இரண்டாம் வாரம், காலை ஆறேகால் மணி. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கமான வரிசை. கேட் திறந்தது, முன்னால் நின்ற உர மூட்டை லாரி நகர்ந்தது. முதல் கியரில் தண்டவாளத்தைத் தாண்டி இரண்டாவது கியருக்குத் தள்ளியபோது ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். காதுக்குக் கேட்டதைவிட உள்ளங்கைக்கு அது நன்றாகத் தெரிந்தது. கிளட்சை முழுவதுமாக மிதித்திருந்தேன், அவசரப்படவும் இல்லை. தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடேறி, அதே இரண்டாவது கியர் எந்த முரண்டும் இல்லாமல் விழுந்தது. மறுநாள் காலை மறுபடியும் ‘கர்ர்’.

வண்டி 2002ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் விடெக் (சுற்று ஏறும்போது வால்வு திறக்கும் விதத்தை மாற்றிக்கொள்ளும் ஹோண்டாவின் இன்ஜின் நுட்பம்). சித்தப்பா ஆசையாக வாங்கி, ஆசையாக வைத்திருந்து, என்னிடம் கொடுத்தது. நான்கு கதவும் டிக்கியும் உள்ள குடும்பக் கார்தான். ஆனால் 106 குதிரைத்திறன் தரும் அந்த இன்ஜினை ஆறாயிரம் சுற்றுக்கு மேல் ஏற்றி ஓட்டியவர்கள் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வார்கள். வடுவூர் ஏரியைத் தாண்டி ரோடு காலியாகக் கிடக்கும்போது இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குக் கை தன்னால் போய் வரும். அந்தச் சுகத்துக்காகத்தான் இருபது ஆண்டு தாண்டியும் இந்த வண்டியை விற்க மனம் வரவில்லை. அதே கை இப்போது இரண்டாவது கியருக்குப் போகவே தயங்கியது.

பழைய பில்களைப் புரட்டினேன். பதினான்கு மாதங்களுக்கு முன் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தேன். அந்த வேலைக்கு கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். கழற்றினால் எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். பில்லின் கடைசி வரியில் ‘கியர் ஆயில் 90 – 2 லிட்டர்’ என்று இருந்தது. அன்று அதை நான் படிக்கவே இல்லை. கிளட்ச் பிளேட்டின் விலையைத்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் கியர் ஆயில் என்றாலே 90தான். மன்னார்குடியில் எந்த ஆயில் கடைக்குப் போனாலும் டிராக்டர், டில்லர், லாரி எல்லாவற்றுக்கும் வாளி வாளியாக அடுக்கி வைத்திருப்பார்கள். நான் கேட்ட கடைக்காரரும் நல்ல மனிதர். “தம்பி, இருபது ஆண்டாக இதைத்தான் கொடுக்கிறேன். எண்ணெய் கெட்டியாக இருந்தால்தான் பல் தேயாது” என்றார். டிராக்டரின் பின் ஆக்சிலுக்கு அவர் சொன்னது பெரும்பாலும் சரி. என் கியர்பாக்ஸுக்குச் சரியில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ என்ற பாகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு நான்கு அடி ஓடுவார். வேகம் சமமான பிறகுதான் படியில் கால் வைப்பார். சிங்க்ரோவும் அதையேதான் செய்கிறது. கியரின் பக்கவாட்டில் எஃகினால் ஆன ஒரு கூம்பு. அதன்மேல் உட்காரும் ஒரு பித்தளை வளையம். கியரைத் தள்ளும்போது முதலில் இந்த வளையம் கூம்பைக் கவ்வி உரசி, இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துகிறது. அதன் பிறகுதான் பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. வேகம் சமமாகும் முன்பே பற்கள் மோதினால் அதுதான் ‘கர்ர்’. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையில் சமப்படுத்த வேண்டிய வேக வித்தியாசம் மற்ற மேல் கியர்களுக்கு இடையில் உள்ளதைவிடப் பெரியது. ஆகவே நோய் முதலில் இரண்டாவதில்தான் தெரியும்.

அந்தப் பஸ் கம்பியில் எண்ணெய் தடவியிருந்தால் என்ன ஆகும்? பிடித்த கை வழுக்கும். பித்தளை வளையத்துக்கும் அதே கதிதான். வளையத்தின் உட்புறத்தில் மெல்லிய வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. கூம்பின்மேல் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. எண்ணெய் கெட்டியாக இருந்தால் படலம் உரிய நேரத்தில் விலகாது. வழுக்கும் ரசாயனம் அதிகமாக இருந்தால் படலம் விலகிய பிறகும் பிடிப்பு கிடைக்காது. ஆக, பற்களையும் பேரிங்குகளையும் உரசாமல் காக்க வேண்டிய அதே எண்ணெய், சிங்க்ரோவை உரச விட வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

இனி டப்பாவின்மேல் உள்ள எழுத்துகள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வகைகள். 5 பெரியது, அதனால் 4ஐவிட உயர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஹைபாய்ட் கியர் என்று ஒன்று உண்டு. பின் சக்கரத்தால் ஓடும் வண்டிகளின் டிஃபரன்ஷியலில், அதாவது இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பாகத்தில், இருப்பது. அதில் சின்னப் பல்சக்கரம் பெரிய சக்கரத்தின் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று கடுமையாக வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ரசாயனத்தை ஜிஎல்-5இல் அதிகமாகச் சேர்க்கிறார்கள். ஜிஎல்-4இல் அது ஏறக்குறைய பாதிதான். என் வண்டி முன்சக்கரத்தால் ஓடுவது. டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, அதில் ஹைபாய்ட் இல்லை, சாய்வுப் பல் சக்கரம்தான். அந்தக் கடுமையான ரசாயனத்துக்கு இங்கே வேலையே இல்லை. போதாக்குறைக்குச் செம்பு கலந்த உலோகங்களை அது கருக்கவும் கூடும்.

அதற்காக ஜிஎல்-5ஐக் கண்டாலே ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுபாரு இம்ப்ரேசா டபிள்யூஆர்எக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன் டிஃபரன்ஷியல் ஹைபாய்ட். அது கியர்பாக்ஸோடு ஒரே எண்ணெயில் குளிக்கிறது. ஆகவே 75டபிள்யூ-90 ஜிஎல்-5 ஊற்றச் சொல்லி கம்பெனியே எழுதியிருக்கிறது. ஹோண்டாவின் ஸ்போர்ட்ஸ் காரான எஸ்2000இல் இரண்டும் தனித்தனி. கியர்பாக்ஸுக்கு எம்டிஎஃப் என்ற ஹோண்டாவின் சொந்த எண்ணெய், பின் டிஃபரன்ஷியலுக்கு ஹைபாய்ட் எண்ணெய். 1990களின் பல பிஎம்டபிள்யூ கார்களில் கையால் மாற்றும் கியர்பாக்ஸுக்கே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இந்த எண்ணெய் என்று ஒரு சூத்திரம் கிடையாது. உள்ளே என்ன பல், என்ன வளையம் என்பதைப் பொறுத்தது. ஹோண்டாவே 1990களின் நடுப்பகுதி வரை பல கார்களின் கியர்பாக்ஸில் 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலை ஊற்றச் சொல்லி வந்தது. இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவர்கள் தங்கள் பைக்கை நினைத்துப் பார்க்கலாம். அதில் இன்ஜினும் கியரும் ஒரே எண்ணெயில்தானே ஓடுகின்றன? பிறகு வந்ததுதான் எம்டிஎஃப். அது கிடைக்காத அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றலாம், ஆனால் அதையே தொடரக் கூடாது என்று கையேடு சொல்கிறது.

90 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 30 எண் இன்ஜின் ஆயிலைவிட மூன்று மடங்கு கெட்டி என்று பொருள் அல்ல; இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி சூட்டில் 90 எண் கியர் ஆயிலின் பாகுநிலை 13.5 சென்டிஸ்டோக்கில் தொடங்குகிறது. இன்ஜின் ஆயிலில் 40 என்பது 12.5 முதல் 16.3 வரை. அதாவது சூட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கெட்டி. வித்தியாசம் ஆறிக் கிடக்கும்போதுதான். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண் குளிர்நிலையைக் குறிப்பது. 75டபிள்யூ எண்ணெயை மைனஸ் 40 டிகிரியில் சோதிக்கிறார்கள், 80டபிள்யூவை மைனஸ் 26இல். நம் டெல்டாவில் அந்தக் குளிர் எந்த மார்கழியிலும் வராது, அதனால் அந்த எண் நமக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வெறும் 90 என்று மட்டும் போட்ட டப்பாவுக்குக் குளிரில் எப்படி ஓட வேண்டும் என்ற கட்டுப்பாடே இல்லை.

சந்தேகத்தைத் தீர்க்கச் சமையலறைப் புனல் ஒன்றை வாங்கிக்கொண்டேன். வாசல் திண்ணையில் இரண்டு எண்ணெயையும் இரவு முழுக்க வைத்திருந்து, காலை ஆறு மணிக்கு, 22 டிகிரியில், நூறு மில்லி வீதம் ஊற்றினேன். எம்டிஎஃப் 19 நொடியில் இறங்கிவிட்டது. 90 எண் எண்ணெய்க்கு ஒரு நிமிடம் 34 நொடி பிடித்தது. கடைசியில் நூல்போல இழுத்துக்கொண்டு நின்றது. அந்த ஐந்து மடங்கு வித்தியாசத்தைத்தான் காலைதோறும் அந்தப் பித்தளை வளையம் கிழிக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறது.

அடுத்த சோதனைக்கு அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பரணில் கிடந்த ஓட்டைச் செம்புக் குடத்திலிருந்து மூன்று பட்டைகளை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். எண்ணெய்ப் பரிசோதனைக் கூடங்களில் செம்புப் பட்டையைச் சூடான எண்ணெயில் மூன்று மணி நேரம் வைத்து, நிறம் எவ்வளவு மாறுகிறது என்று அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். வீட்டில் அட்டவணை இல்லை. ஆனால் நூறு டிகிரி இருக்கிறது: கொதிக்கிற தண்ணீர். கொல்லையில் செங்கல் அடுப்பு மூட்டி, அகன்ற குண்டானில் தண்ணீர் கொதிக்கவைத்து, எண்ணெயும் பட்டையும் போட்ட இரண்டு ஊறுகாய் பாட்டில்களை அதில் நிறுத்தினேன். மூன்றாவது பட்டை ஒப்பிட்டுப் பார்க்க வெளியே இருந்தது. தண்ணீர் குறையக் குறைய வெந்நீரையே ஊற்றினேன். ஒரு சொட்டும் பாட்டிலுக்குள் விழாமல் பார்த்துக்கொண்டேன். 90 பாட்டிலிலிருந்து அழுகிய பூண்டுபோல் ஒரு வாடை. வீட்டுக்குள் இதைச் செய்ய வேண்டாம்.

மூன்று மணி நேரம் கழித்துப் பட்டைகளைத் துடைத்து வெயிலில் வைத்தேன். எம்டிஎஃப்பில் இருந்தது புதுச் செம்பைவிடச் சற்று ஆரஞ்சாக மாறியிருந்தது. 90இல் இருந்ததில் மயில் கழுத்து நிறம் ஓடி, ஓரங்கள் புகைபிடித்த பாத்திரம்போல் கருத்திருந்தன. புளி போட்டுத் தேய்த்தும் ஓரக் கறுப்பு முழுவதும் போகவில்லை. இது நான் வாங்கிய அந்த ஒரு டப்பாவைப் பற்றிய சோதனை மட்டும்தான். இன்றைய நல்ல ஜிஎல்-5 எண்ணெய்கள் பல செம்பை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் என் கியர்பாக்ஸில் பதினான்கு மாதமாக இருந்தது அந்த நல்ல எண்ணெய்களில் ஒன்று அல்ல. அதே கம்பெனி, அதே டப்பா.

எம்டிஎஃப்பை மன்னார்குடியில் தேடிச் சலித்து, சோதனைகளுக்கு முன்பே திருச்சியிலிருந்து நான்கு லிட்டர் வாங்கி வந்திருந்தேன். வேலைக்கு இடம் கொடுத்தவர் எங்கள் ஊர் டிராக்டர் மெக்கானிக் அண்ணன். அவருடைய கொட்டகையில் ஒரு பள்ளம் இருக்கிறது. வண்டியை அதன்மேல் சமமாக நிறுத்தலாம். இது முக்கியம். ஊற்றும் துளையின் விளிம்புதான் எண்ணெயின் அளவு. முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு ஊற்றினால் அளவு தப்பாகிவிடும்.

“எதை முதலில் கழற்றுவது, அண்ணா?” என்று கேட்டேன்.

“ஊற்றுகிற வாயைத் திறந்த பிறகுதான் வடிக்கிற வாயில் கை வைக்க வேண்டும், தம்பி. மேலே இருப்பது திறக்காவிட்டால் வடித்த வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு போவாய்?”

அவர் சொன்னதன் அருமை ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. ஊற்றும் துளையின் 17 மில்லிமீட்டர் தலை அசையவே இல்லை. என்னிடம் இருந்த பன்னிரண்டு முனை ஸ்பானர் வழுக்கி ஒரு மூலையை மழுக்கிவிட்டது. அவர் அதை வாங்கி வைத்துவிட்டு, துருநீக்கி எண்ணெயைத் தெளித்து அரைமணி நேரம் ஊறவிட்டார். பிறகு ஆறு முனை சாக்கெட்டைப் போட்டு, அதன் கைப்பிடியில் இரண்டடி பைப்பைச் செருகி நிதானமாக ஓர் அழுத்து. ‘டக்’ என்று விட்டது. வடிக்கும் துளையில் சதுரப் பள்ளம்தான் இருக்கிறது. எட்டில் மூன்று அங்குல (3/8) ராட்செட்டின் முனையை நேராகச் செருகித் திருகினால் போதும். வண்டியைப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கியிருந்தும் அது பதநீர்ப் பாகு காய்ச்சும்போது கரண்டியிலிருந்து இறங்குவதுபோல்தான் இறங்கியது.

வெள்ளைப் பிளாஸ்டிக் தாம்பாளத்தில் பிடித்தோம். அந்த மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் ஒருமுறை வண்டியை ஓட்டியிருந்தேன். சூடான கியர்பாக்ஸ் திடீரென்று குளிர்ந்தால் மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். இழுத்திருந்தால் எண்ணெய் மோர்போல் வெளுத்திருக்கும். என்னுடையது வெளுக்கவில்லை. உறுதி செய்துகொள்ள ஒரு சொட்டைப் பழைய தகடு ஒன்றைச் சூடாக்கி அதன்மேல் விட்டோம். பொரியவில்லை. தண்ணீர் இல்லை.

அண்ணன் தாம்பாளத்தைத் தூக்கி வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனார். மெதுவாகச் சாய்த்தார். கறுத்த எண்ணெய்க்குள் பொன்துகள் சுழன்றது. பட்டுப்புடவைச் சரிகையை உதிர்த்துக் கலந்ததுபோல் அவ்வளவு மெல்லியதாக, அவ்வளவு பளபளப்பாக. “பித்தளை” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வடிக்கும் பிளக்கின் நுனியிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. அது எஃகுத் தூள். இத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அது இருப்பது இயல்பு. விரல்களுக்கு இடையில் தேய்த்தால் மாவுபோல் இருந்தது, நறுக்கென்று எதுவும் படவில்லை. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. காந்தத்தை மட்டும் பார்த்து ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டியிருந்தால் அந்தச் சரிகை என் கண்ணில் பட்டிருக்காது.

மனது கனத்தது. ஒவ்வொரு காலையும் நான் கேட்ட ‘கர்ர்’ எல்லாம் அந்தத் தாம்பாளத்தில் கிடந்தது.

ஊற்றுவதில் பெரிய வித்தை இல்லை. பானட்டிலிருந்து கீழே ஊற்றும் துளை வரை ஒரு டியூப், மேலே புனல். ஒன்றே முக்கால் லிட்டரைத் தாண்டியதும் துளையின் விளிம்பில் எண்ணெய் கசிந்தது; நிறுத்தினேன். இரண்டு பிளக்குக்கும் புது அலுமினிய வாஷர் போட்டேன். கியர்பாக்ஸின் வெளிக்கூடும் அலுமினியம்தான் என்பதால் பைப்பைச் செருகி இறுக்கக் கூடாது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும். வடித்த எண்ணெயைக் கேனில் அடைத்துக் கழிவு எண்ணெய் சேகரிப்பவரிடம் கொடுத்தேன். கொட்டகையை ஒட்டியே பாசன வாய்க்கால் போகிறது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்ததா என்று செய்தியைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்து வாங்குகிற தண்ணீர் அது. அதில் இதைக் கவிழ்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மறுநாள் காலை அதே ஆறேகால் மணி, அதே கேட். இரண்டாவது கியர் விழுந்தது. சத்தம் இல்லை. ஆனால் விழும் முன் ஒரு சின்னத் தயக்கம், கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல். எதிர்பார்த்ததுதான். வடித்தாலும் பேரிங் இடுக்குகளிலும் வெளிக்கூட்டின் மூலைகளிலும் பழைய எண்ணெய் தங்கியிருக்கும். புதியது அதோடு கலந்துதான் ஓடும். நான்கு லிட்டர் வாங்கியது அதற்காகத்தான். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டாம் முறை வடித்தேன். பூண்டு வாடை லேசாக இருந்தது. பொன்துகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. தாம்பாளத்தின் அடியில் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான்.

இரண்டாம் மாற்றத்துக்குப் பிறகு காலைத் தயக்கமும் போய்விட்டது. வடுவூர் ரோட்டில் ஆறாயிரத்துக்கு மேல் ஏற்றி மூன்றாவதுக்குத் தட்டினால் சித்தப்பா ஓட்டிய நாளில் விழுந்ததுபோல் விழுகிறது. ஒரு குறை மட்டும் மிச்சம். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு அவசரமாக இறக்கினால் எப்போதாவது ஒரு நறுக். தேய்ந்த பித்தளையை எந்த எண்ணெயும் திருப்பித் தராது. அந்த வளையத்தை மாற்ற கியர்பாக்ஸை முழுவதும் பிரிக்க வேண்டும். அடுத்த கிளட்ச் வேலை வரும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று அண்ணன் சொல்கிறார். அதுவரை இறக்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டிச் சுற்றை ஏற்றிவிட்டு இறக்குகிறேன். வளையத்தின் வேலையில் பாதியைக் கால் செய்துவிடுகிறது.

அடுத்த கிளட்ச் வேலையை யார் செய்வார்கள் என்று தெரியாது. நான் அப்போது பக்கத்தில் நிற்காமலும் போகலாம். ஆகவே பானட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்: ‘கியர்பாக்ஸுக்கு எம்டிஎஃப் மட்டும். 90 வேண்டாம்.’